அவருடைய வேண்டாம்

அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் "வோணாம்பா" என்பதுதான். டீ சாப்பிடுகிறீர்களா? வோணாம்பா. ஃபேன் போடட்டுமா? வோணாம்பா. நாற்காலி காலியாகத்தானே இருக்கிறது, உட்காருங்களேன்? வோணாம்பா, நிக்கறேன். தொண்டை காய்ந்து கிடக்கும்போது தண்ணீர் பாட்டிலை நீட்டினால்கூட, கை பாட்டிலை நோக்கி வரும், வாய் வேண்டாம் என்று சொல்லும். இதில் எதை நம்புவது என்று விளங்காமலே நான் ஓசூரில் அவரோடு நாலு வருடம் குப்பை கொட்டினேன்.

நான் விருதுநகர்ப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கொரியாக்காரர் கம்பெனியில் குவாலிட்டியில் சேர்ந்தேன். கார் கதவின் ஓரத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை ஓடுமே, அதைச் செய்கிற கம்பெனி. மத்திகிரியில் வாடகை அறை. அவர் அங்கே டை செட்டர். முறுக்கு அச்சில் மாவு பிதுங்கி வருகிற மாதிரி, ரப்பர் பிதுங்கி வருகிற இரும்பு அச்சுக்குத்தான் டை என்று பெயர். அதைப் பூட்டுவதும் கழற்றுவதும் சூடு பார்ப்பதும் அவர் வேலை. ரப்பர் வெளியே வரும் வாசனையை வைத்தே, "இன்னும் பத்து டிகிரி ஏத்துபா" என்பார். ஏற்றினால் சரியாக இருக்கும். இங்கே அவர் பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. மெஷின் ஓடுகிற ஷாப்பில் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். சூளகிரிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். வீட்டில் தமிழ், மாமனார் வீட்டில் தெலுங்கு, சந்தைக்குப் போனால் கன்னடம். வோணாம், வத்து, பேடா என்று மூன்று பாஷையிலும் முதலில் மறுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

முதல் வாரத்திலேயே நான் மாட்டிக்கொண்டேன். பத்து மணி டீக்கு மணி அடித்ததும், "அண்ணே, டீ குடிக்கப் போவமா?" என்று கேட்பேன். "வோணாம்பா, நீ போ" என்பார். மனிதருக்கு டீ பழக்கமில்லை போல என்று நான் பாட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவேன். இப்படி ஆறு நாள் போயிற்று. ஏழாவது நாள் மிக்ஸிங்கில் இருந்த முனிராஜ் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். முனிராஜ் தொரப்பள்ளிக்காரன். என் வயசுதான். வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா மச்சி, அண்ணன் மேல உனக்கு இன்னா கோவம்?"

"எனக்கென்னடா கோவம்?"

"ஒரு வாரமா அவரை உட்டுட்டு நீ மட்டும் போய் டீ குடிக்கற."

"தெனமும் கேக்கத்தானே செய்றேன்? அவருதான் வேண்டாங்காரு."

"எத்தினி தபா கேட்ட?"

"ஒரு தடவைதான். வேண்டாம்னா வேண்டாம்தானே?"

முனிராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஒரு தபா கேட்டா எவன்டா வருவான்? அலையறான்னு நெனைக்க மாட்டாங்க?"

எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பிள்ளைகள். ஒரு தட்டுப் பணியாரம் வந்தால், வேண்டாம் என்று மரியாதைக்குச் சொன்னவனுக்கு அன்றைக்குப் பணியாரம் கிடையாது. அடுத்தவன் கை அதற்குள் தட்டில் இருக்கும். நான் வளர்ந்த லட்சணம் அது. கேட்டால் உடனே ஆமாம், பிடிக்காவிட்டால் வேண்டாம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மறுநாள் முனிராஜ் சொன்ன மாதிரியே கேட்டுப் பார்த்தேன். முதல் முறை, "வோணாம்பா." இரண்டாம் முறை, "இருக்கட்டும்பா." மூன்றாவது முறை, "அட, வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மனிதர் எனக்கு முன்னால் நடக்கிறார்! அன்றைக்கு இரண்டு டீ குடித்தார், கூடவே ஒரு பன்னும் தின்றார். எனக்குச் சிரிப்பதா, ஆறு நாளாக அவரைக் காயப்போட்டதற்கு அழுவதா என்று தெரியவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். நான் பைக்கில் வந்தவன், "ஏறுங்கண்ணே" என்றேன். "வோணாம்பா, பஸ் வந்துடும்" என்றார். எனக்குப் பஞ்ச் அடிக்க நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன். ஐம்பது அடி போய்க் கண்ணாடியில் பார்த்தால், அவர் என் பைக்கையே பார்த்துக்கொண்டு நனைகிறார். திரும்பி வந்து இன்னும் இரண்டு முறை கேட்ட பிறகு ஏறிக்கொண்டார். பின்னாலிருந்து, "உனக்குத்தான்பா சிரமம்" என்றார். சிரமம் திரும்பி வந்து கேட்டதில்தான் இருந்தது, ஏற்றிக்கொண்டதில் இல்லை. அதை அவரிடம் சொல்லவா முடியும்?

முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது நாம் நிஜமாகத்தான் கூப்பிடுகிறோமா என்று பார்க்க, மூன்றாவதில் ஆள் வந்துவிடுவார் என்று நான் தெளிவாகிவிட்டேன். அப்படி மார்தட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் சிக்கன் விவகாரம் வந்தது.

என் பிறந்தநாள். ஷிஃப்டில் இருந்த எல்லோருக்கும் சிக்கன் பிரியாணி வாங்கியிருந்தேன். அண்ணன் வழக்கம்போல வேண்டாம் என்றார். எனக்குத்தான் வித்தை தெரியுமே. மூன்று முறை கேட்டேன், நாலு முறை கேட்டேன், "பெறந்தநாளண்ணே, மறுக்கக் கூடாது" என்று ஒரு துண்டை எடுத்து அவர் கையிலேயே வைத்துவிட்டேன். ஒரு நொடி கண்ணை மூடினார், பிறகு தின்றார். தின்றுவிட்டுக் குழாயடியில் நெடுநேரம் வாய் கொப்பளித்தார். முனிராஜ் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"பாவி, இன்னிக்கு கிருத்திகைடா. பொண்ணுக்கு வீசிங் வந்ததுலேர்ந்து முருகனுக்கு வெரதம் இருக்கறாரு."

மறுநாள் காலையில் அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னேனேபா, வோணாம்னு."

"அது நீங்க எப்பவும் சொல்றதுதானே!"

"அவ்ளோ ஆசையா குடுக்கற. மூஞ்சில அடிச்சா மாதிரி எப்டிபா சொல்றது?"

"அப்ப உங்க வேண்டாம்ல எது நெசம், எது சும்மான்னு நான் எப்படிண்ணே கண்டுபிடிக்க?"

அவர் போல்ட் முறுக்குகிற டார்க் ரெஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். "எனக்கே தெரியலபா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதரோடு எப்படித்தான் பழகுவது என்று எரிச்சலாக வந்தது.

வேலை விஷயத்தில் மட்டும் அந்த வார்த்தை அவர் வாயில் வராது. ஞாயிற்றுக்கிழமை வா என்றாலும் வருவார். எட்டு வருடமாகக் காண்ட்ராக்ட். காண்ட்ராக்ட்காரர்களுக்கு மஞ்சள் அட்டை, பெர்மனன்ட் ஆட்களுக்கு நீல அட்டை. நீல அட்டை இருந்தால் குடும்பத்துக்கே ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள். எனக்கும் அப்போது மஞ்சள்தான். ஒருநாள் கை கழுவும் இடத்தில், யாரும் இல்லாதபோது என்னிடம் கேட்டார். "ஏம்பா, நீல அட்டைன்னா பொண்டாட்டி புள்ளைக்கும் சேத்துதான பாக்கறாங்க?" ஆமாம் என்றேன். "சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மகளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். பனி விழும் மாதங்களில் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் அலைந்ததில் அவர் லீவெல்லாம் கரைந்துவிடும்.

அந்த வருடம் புது மாடல் காருக்குப் புது மெஷின் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அதைக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு ஆளைக் கொரியாவுக்கு மூன்று மாதம் அனுப்புவார்கள், திரும்பி வந்ததும் நீல அட்டை. போவது அண்ணன்தான் என்று ஷாப்பில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். நானும்தான். அவரிடம் சொன்னால், "போபா, எனக்கெதுக்கு அதெல்லாம்" என்பார். ஆனால் சாயங்காலம் பைக் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அங்க குளிரு ரொம்ப ஜாஸ்தியாபா? நம்ம ஓசூர் குளிரு மாதிரி இருக்குமா?" என்று கேட்டார். இதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கும் இருந்தது.

பழைய மெஷினிலேயே ஓட்டிப் பார்த்த புது மாடல் பட்டையின் முதல் டிரையல் பாஸானது. எங்கள் மேனேஜர் பார்க் சார் குஷியாகி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனையும் முனிராஜையும் என்னையும் கொரியன் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். ஜூஜூவாடி தாண்டி, கர்நாடகா எல்லையை ஒட்டி, ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. அந்த வழியாக நூறு முறை போயிருக்கிறேன், மேலே அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். முனிராஜின் சாக்ஸில் ஓட்டை. கட்டைவிரலை மடக்கிக்கொண்டே நடந்தான்.

மேஜைக்கு நடுவில் ஒரு பள்ளம், அதில் கரி நெருப்பு, மேலே கம்பி வலை. கூரையிலிருந்து ஒரு புகைக்குழாய் எங்கள் மூக்குக்கு நேரே இறங்கியிருந்தது. "நம்ம ஓவன் டக்ட்டை இங்க எதுக்குடா மாட்டிக்கினு இருக்கறாங்க?" என்று முனிராஜ் என் காதில் கேட்டான். மணிப்பூரிலிருந்து வந்த ஒரு பெண் சின்னச் சின்னக் கிண்ணங்களாகக் கொண்டுவந்து அடுக்கினாள். பன்னிரண்டு கிண்ணம். முள்ளங்கி, முளைப்பயறு, ஏதோ கீரை, சிவப்பாகப் புளித்த முட்டைக்கோஸ். எதை எதோடு தொட்டுக்கொள்வது, சோறு எப்போது வரும், ஒன்றும் புரியவில்லை. வைத்ததை மீதம் வைக்கக் கூடாதென்று முனிராஜ் முள்ளங்கிக் கிண்ணத்தைக் காலி செய்தான். காலியானதைப் பார்த்ததும் அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்காமல் மறுபடி நிரப்பிவிட்டுப் போனாள். அதையும் மாய்ந்து மாய்ந்து தின்றான். மறுபடி நிரம்பிவிட்டது. "மச்சி, என்னால முடியலடா, நீயாச்சும் துன்னு" என்று கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான்.

அடுத்து ஒரு கூடையில் பச்சை இலைகள் வந்தன. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கீரை இலை. அப்பாடா, இது நமக்குத் தெரிந்த விஷயம் என்று முனிராஜ் ஒன்றை எடுத்து முன்னால் விரித்து, டம்ளர் தண்ணீரைத் தெளித்து, கையால் வழித்துவிட்டு, பரிமாறுவார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அண்ணனும் அதேபோலச் செய்தார். எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, இருந்தாலும் நானும் தண்ணீர் தெளித்தேன். பார்க் சார் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு இலையை எடுத்துத் தானும் தண்ணீர் தெளித்துக்கொண்டார். நல்ல மனிதர்.

பிறகு வந்தது பச்சைக் கறி. ஒரு தட்டில் கோழி, ஒரு தட்டில் பன்றி. சமைக்காமல் அப்படியே மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்களுக்குக் கோழி, சாருக்குப் பன்றி. இரண்டும் ஒரே வலையில் வேக வேண்டுமாம்! அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து, சார் வெங்காய வளையங்களை வலையின் குறுக்கே வரிசையாக அடுக்கினார். இந்தப் பக்கம் கோழி, அந்தப் பக்கம் பன்றி, நடுவில் வெங்காய எல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாரே இடுக்கியால் கறியைப் புரட்ட ஆரம்பித்தார். அண்ணன் பதறி எழுந்தார். "குடுங்க சார், நான் பண்றேன் சார்." "சிட், சிட்" என்றார் சார். மேனேஜர் நின்றுகொண்டு சமைக்க, தொழிலாளி உட்கார்ந்திருப்பது அண்ணனுக்கு முள்மேல் இருப்பது போல இருந்தது. கறியை அந்தப் பெண் கத்திரிக்கோலால் நறுக்கினாள். ஆமாம், தையல்கடைக் கத்திரிக்கோல்தான்.

வெந்ததை அவரவர் எடுத்துத் தின்ன வேண்டும், பரிமாற ஆள் கிடையாது. நான் பணியாரத் தட்டில் பழகியவன், சாப்பிடக் கொடுத்த இரண்டு குச்சியும் சரிப்படாமல் கையாலேயே எடுத்து வெளுத்து வாங்கினேன். முனிராஜும் அப்படித்தான். அண்ணன் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இருந்த நாலு துண்டும் கருகிப் புகைந்தன. "சாப்பிடுங்கண்ணே" என்றேன். "வோணாம்பா, நீ சாப்புடு."

பார்க் சார் இதைக் கவனித்துவிட்டார். ஒரு இலையில் கோழித் துண்டு, ஒரு பல் பூண்டு, சிவப்பு விழுது எல்லாம் வைத்து வெற்றிலை மாதிரி மடித்தார். மடித்ததை மேஜைக்கு மேல் எட்டி, அண்ணனின் வாய்க்கு நேரே நீட்டினார். ஊட்டிவிடுகிறாராம்! அண்ணன் பின்னால் சாய்ந்து சுவரில் முட்டிக்கொண்டார்.

"வோணாம் சார். நோ சார், நோ சார்."

சார் கையை எடுக்கவில்லை. "ஈட், ஈட்" என்றார்.

"இருக்கட்டும் சார்."

மூன்றாவது முறை சார் இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். அண்ணன் எங்களைப் பார்த்தார், வாயைத் திறந்தார், வாங்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூண்டுக் காரமா வேறெதுவுமா, அது எனக்குத் தெரியாது. "பொண்டாட்டிகூட எனக்கு ஊட்டுனதில்லபா" என்று முனகினார். அதற்குப் பிறகு அவர் உடம்பு இளகிவிட்டது. இந்த மனிதர் நம்ம ஆள் மாதிரி மூன்று முறை கேட்கிறாரே என்று நினைத்திருப்பார். நான்கூட அப்படித்தான் நினைத்தேன்.

கடைசியில் சார் கை துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். நேராக அண்ணனைப் பார்த்து, "யூ. கோ கொரியா. த்ரீ மந்த்ஸ். கம் பேக், பெர்மனன்ட். ஓகே?" என்றார்.

அண்ணனுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். இருந்தாலும் நான் தமிழில் ஒருமுறை சொன்னேன். அவர் காது மடல் சிவந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பினார்.

"வோணாம் சார். எனக்கெதுக்கு சார் அதெல்லாம். நோ சார்."

பார்க் சார் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினார். "நோ? ரியலி?"

முனிராஜ் அந்த நேரம் கை கழுவப் போயிருந்தான். இருந்திருந்தால் உளறியாவது வைத்திருப்பான். மேஜையில் நான் மட்டும்தான். அவருடைய மூன்று வேண்டாமும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே யார் இருக்கிறார்கள்? "சார், இன்னும் இரண்டு முறை கேளுங்கள்" என்று சொல்வதற்கு ஒரு நிமிஷம் ஆகாது.

நான் "யெஸ் சார். நோ" என்றேன்.

கிருத்திகை அன்று வற்புறுத்தி அவர் விரதத்தைக் கெடுத்தேனே, மறுபடி வற்புறுத்தக் கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனா, பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டேனா என்று இன்றைக்கு என்னால் சத்தியம் செய்ய முடியாது. சார் வலையில் கருகிய துண்டுகளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "யூ?" என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டு முடிக்கவில்லை, நான் தலையாட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணன் தானாகவே வலையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றார். யாரும் சொல்லாமல் அவர் எதையாவது எடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நிம்மதியில் தின்றாரா, கோபத்தில் தின்றாரா, முகத்தை எத்தனை முறை பார்த்தும் விளங்கவில்லை. இறங்கும்போது படியில் என் தோளைத் தட்டினார்.

"நல்லதாச்சுபா. சின்ன வயசு, சட்டுனு கத்துக்குவ."

"நீங்க போயிருக்கலாம்ணே."

"வோணாம்பா."

நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்று மாதம் போய் வந்தேன். குளிர் ஓசூர் குளிர் மாதிரி எல்லாம் இல்லை, எலும்பில் இறங்கும் குளிர். திரும்பியதும் நீல அட்டை தந்தார்கள், அடுத்த வருடம் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். புது மெஷினை அண்ணனுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டே நாளில் என்னைவிட நன்றாக ஓட்டினார். மற்றவர்கள் முன்னால் என்னை "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார். "அப்படிக் கூப்பிடாதீங்கண்ணே" என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. அதற்கடுத்த வருடம் காண்ட்ராக்டர் மாறினார், பழைய ஆட்களில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். அந்தப் பட்டியலில் அவரும் இருந்தார். அவர் கடைசியாக வந்த நாளில் நான் ஒரு கல்யாணத்துக்காக ஊரில் இருந்தேன். போன் செய்திருக்கலாம், செய்யவில்லை.

போன மாதம் கிருஷ்ணகிரிக்கு ஒரு வேலையாகப் போனவன், மத்தியானச் சாப்பாட்டுக்குக் குருபரப்பள்ளியில் வண்டியை நிறுத்தினேன். ஹைவே ஓரத்தில் தகரக் கொட்டகை, நாலு மேஜை, "வீட்டுச் சாப்பாடு" என்று போர்டு. உள்ளே நுழைந்தால் அண்ணன் தோளில் துண்டோடு நிற்கிறார்! முன்னந்தலை முழுவதும் நரைத்திருந்தது. "வாபா, வாபா!" என்று ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஏய், நம்ம கம்பெனி தம்பி வந்துக்குது பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி கரண்டியோடு வந்து பார்த்து, "வாங்க தம்பி" என்றார். இலை தீரப்போகிறதென்று அண்ணன் எதிர்க் கடைக்கு ஓடினார்.

சாப்பிடுகிறீர்களா என்று அந்த அக்கா என்னைக் கேட்கவே இல்லை. இருந்த ஒரு இலையைப் போட்டு, சோறு வைத்து, குழம்பை ஊற்றினார். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "இப்ப தேவலை தம்பி. பிளஸ் ஒன் படிக்குது. வீசிங்கு வந்தாதான் ராப்பகலா உக்காந்துக்குவோம்" என்றார். பிறகு கம்பெனிப் பேச்சு வந்தது. அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

"இவரு கூத்தைக் கேளுங்க தம்பி. ஒரு நாயித்துக்கெழம ஓட்டல்ல சாப்ட்டு வந்தாரு. வந்ததும் பரண் மேல பெட்டியத் தேடறாரு. இன்னாயான்னா, கொரியாவுக்குப் போறியான்னு கேட்டாங்க, வோணாம்னு சொல்லிட்டு வந்தேன்றாரு. வோணாம்னு சொன்னவனுக்கு பெட்டி எதுக்குயான்னேன். 'இன்னிக்கு வேற ஆளைக் கேட்டுட்டாரு, இருந்தாலும் நாளைக்கு என்னை மறுபடி கேப்பாருடி, அந்த சாரு கேக்கற ஆளு, எனக்கு வாயில ஊட்டியே உட்டாரு'ன்றாரு. அடுத்த நாளே போட்டோ எடுத்தாச்சு. எங்க அண்ணன்கிட்ட இருந்து ஸ்வெட்டர் வாங்கியாந்தாச்சு. எட்டு நாளு தம்பி! தெனமும் வேலைலேர்ந்து வந்ததும் நான் மூஞ்சியப் பாப்பேன், இன்னும் கேக்கலம்பாரு."

எடுத்த உருண்டையை இலையிலேயே வைத்தேன். தண்ணீர் குடித்தேன்.

"பக்கத்துல ஒரு தம்பி இருந்தாராம். அவருகிட்ட சாரு என்னமோ கேட்டாராம், அந்தத் தம்பி எஸ் எஸ்னுட்டாராம். இவரு வந்து பொண்ணுகிட்ட கேக்கறாரு, 'ரியலி'ன்னா இன்னா அர்த்தம் பாப்பான்னு."

"அது நான்தான்க்கா" என்றேன்.

கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றது. அக்கா என்னை முழுசாகப் பார்த்தார். "நீங்கதானா? இவரு பேரே சொன்னதில்ல. யாரோ ஒரு தம்பின்னுதான் சொல்லுவாரு." திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. "தெரியாமத்தான் கேக்கறேன் தம்பி. இவரு கொணம் உங்களுக்குத் தெரியுந்தான? இன்னொரு தபா கேட்டிருக்கக் கூடாதா?"

கிருத்திகையைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அவருடைய வேண்டாமில் எது நிஜமென்று அவருக்கே தெரியாதே என்றும் சொல்லலாம். இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டவை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"எனக்கு அந்த வேலை வேணும்னு இருந்துச்சுக்கா" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். "எங்களுக்குந்தான் தம்பி இருந்துது" என்று சொல்லிவிட்டு, பக்கத்து மேஜைக்கு ரசம் ஊற்றப் போனார்.